பரிமளா குரலில் வந்த போன்

சரி, மோட்டார் சைக்கிளில்தான் வந்து இறங்கினாள். அதை இல்லையென்று யார் சொன்னது? உச்சி வெயிலில், கல்லூரியில் கொடுத்த மாம்பழக் கலர் சேலையோடு, இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத ஓர் ஆளின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அரிமளம் கடைத்தெரு வழியாகவே வந்தாள். ஒளித்து மறைத்து வருகிறவள் கடைத்தெரு வழியாகவா வருவாள், ராக்காயி? அதையாவது யோசித்திருக்க வேண்டாமா? பரிமளா காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போவதற்கு முன்னால் கத்தாரில் இருக்கிற அவள் புருஷன் ரகுநாத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"வேலைய விட்டுத் தொரத்திட்டாங்களாம். மாநாட்டு மேடையில ஒயரைப் பிடுங்கிட்டாளாம். எவனோ கொண்டாந்து எறக்கிவிட்டுட்டுப் போறான்." இதுதானே பேச்சு? ஒயரைப் பிடுங்கினது மெய். வேலை போனது மெய். வண்டியில் வந்தது மெய். மூன்று மெய்யைச் சேர்த்து ஒரு பொய்யைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். கட்டினதை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அவசரம் இருக்கிறவர்கள் போகலாம். போகிறவர்கள் இதற்கு மேல் அவளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

பரிமளா திருக்கோகர்ணத்துப் பெண். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். அவர் முன்படியில் நின்று கூப்பிட்டால் பின்படியில் தொங்குகிறவன் டிக்கெட்டுக்குக் கையை நீட்டுவான். அந்தக் குரல் மகளுக்கும் வந்தது. அதட்டாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். ரகுநாத்துக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். அவன் கத்தார் போன பிறகு, திருமயம் ரோட்டில் இருக்கிற பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். பாடம் நடத்துகிற வேலை இல்லை. ஹாஸ்டலில் நெட் வரவில்லையா, பாஸ்வேர்டு மறந்துவிட்டதா, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் பாதியில் நின்றுவிட்டதா, ரிசல்ட் திறக்க மாட்டேன் என்கிறதா, எல்லாப் பிள்ளையும் வந்து நிற்கிற சன்னல் பரிமளாவுடையது. அழுதுகொண்டு வருகிறவள் சிரித்துக்கொண்டு போவாள். அதுதான் அவள் வேலை.

அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. வகுப்பு வாசலில் பிள்ளைகள் தங்கள் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். பத்தரைக்கு அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் பூட்டிவிடும். பதினோரு மணிக்கு, அட்டையைக் காட்டாத பிள்ளைகளின் வீட்டுக்கு அதுவே போன் போடும். முன்பெல்லாம் எழுத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வயலில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்தார்களா, படித்தார்களா, யாருக்குத் தெரியும்? பேச்சாக அனுப்பலாம் என்று சொன்னவள் பரிமளா. குரலும் அவளுடையதே. "வணக்கம். உங்கள் பிள்ளை இன்று கல்லூரிக்கு வரவில்லை." அவ்வளவுதான் சொல்லும். கேட்கிறவர்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும்.

இனி, வண்டியில் வந்த அந்த ஆளைப் பற்றி.

அவன் பெயர் கருப்பன். கீரமங்கலத்தில் பூக்கமிஷன் கடை வைத்திருக்கிறான். அந்தக் கல்லூரியில் படிக்கிற ஜனனி என்கிற பெண்ணுக்குத் தாய்மாமன். பெண்ணின் அப்பா சிங்கப்பூரில். அம்மாவுக்கு அண்ணன் சொன்னதுதான் சட்டம். கல்லூரியில் சேர்க்கும்போது வீட்டு போன் நம்பர் கேட்டார்கள், கருப்பன் தன் நம்பரைக் கொடுத்தான். முதல் வருஷத்திலேயே எவனோ அவனிடம் போய், ஜனனியைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு பார்த்தேன் என்று பற்ற வைத்துவிட்டான். கருப்பன் பெட்டியைக் கட்டச் சொல்லி வந்து நின்றான். ஜனனி அன்றைக்கு வகுப்பில்தான் இருந்தாள். அவள் சொல்லி அவன் கேட்பானா? பரிமளா சன்னலை விட்டு வெளியே வந்து பேசினாள்.

"அண்ணே, ஊர்ல நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க. இந்தப் பிள்ளை வகுப்புக்கு வரலேன்னா பதினோரு மணிக்கு என் கொரல்ல ஒங்களுக்குப் போன் வரும். போன் வரலேன்னா பிள்ளை வகுப்புல இருக்கு. வேற எவன் பேச்சையும் கேக்காதீங்க."

"ஒங்க கொரலு பொய் சொல்லாதே?"

"சொல்லாதுண்ணே."

"ஒங்கள நம்பி விட்டுட்டுப் போறேன். ஒரு நா அந்தப் போன் வந்துச்சு, அன்னிக்கோட படிப்பு முடிஞ்சுது. மாப்பிள்ளை தயாரா நிக்கிறான்."

பரிமளா சரி என்றாள்.

அதிலிருந்து கருப்பன் தினம் பதினோரு மணிக்குத் தராசுக்குப் பக்கத்தில் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நேரம் தாண்டினதும்தான் டீ சொல்வான். பூக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும், கேலியும் செய்வார்கள். கல்லூரியில் ஜனனி காய்ச்சலாகக் கிடந்தால்கூட வகுப்பு வாசல் வரைக்கும் போய் அட்டையைக் காட்டிவிட்டு வந்துதான் படுப்பாள். அப்படியே மூன்றாம் வருஷம் வந்துவிட்டது. கடைசிப் பரீட்சை மட்டும் பாக்கி.

அப்போது வந்ததுதான் மாநாடு. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக என்னென்ன செய்து கொடுக்கலாம் என்று, இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசுவார்கள். ஒரு வருஷம் கோயம்புத்தூர், ஒரு வருஷம் மதுரை. பெரிய ஊரிலேதான் நடக்கும். போன வருஷம் கூட்டத்தில் அடுத்து எங்கே என்று கேட்டபோது பரிமளா கையைத் தூக்கினாள். "எங்க காலேஜ்ல வைங்க. ரூம்பு கம்மிதான், சாப்பாடு நல்லா இருக்கும்." சிரித்தார்கள். ஆனால் கொடுத்துவிட்டார்கள்.

தாளாளர் முருகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் குடும்பம் பெரிய வியாபாரக் குடும்பம். பிள்ளைகள் எல்லாம் சென்னையில். அவர் மட்டும் இந்தக் கல்லூரியே கதி என்று இருக்கிறவர். மாநாடென்றால் அவருக்கு வீட்டுக் கல்யாணம்தான். வாசலில் வாழை கட்டு, பந்தல் போடு, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடு, கற்கண்டு கொடு, பன்னீர் தெளி. காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம், கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு. லேப்டாப் பையோடு வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், பன்னீர் படாமல் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

பன்னீர் தெளிக்க, இலை போட, மோர் ஊற்ற, வழிகாட்ட ஆள் வேண்டாமா? ஒரே மாதிரி சேலை எடுத்துக் கொடுத்து, மூன்றாம் வருஷப் பிள்ளைகளில் ஒரு கூட்டத்தை நிறுத்தினார்கள். யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற பிள்ளையிடம் யாராவது லீவு லெட்டர் கேட்பார்களா? தாளாளர் சொன்னார், துணை முதல்வர் கார்த்திகேயன் தலையாட்டினார், பிள்ளைகள் விடியலிலேயே தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். பரிமளாவுக்கும் அது தோன்றவில்லை. அத்தனை பேர் வந்து ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் நெட் தாங்குமா என்கிற ஒரே கவலையில் அவள் திரிந்தாள். கம்ப்யூட்டருக்கு மட்டும் இது கல்யாண வீடென்று யாரும் சொல்லவில்லை.

முதல் நாள். விளக்கேற்றினார்கள், பேசினார்கள். அடுத்து அந்தப் போன் போடுகிற ஏற்பாட்டை மேடையில் காட்ட வேண்டும். அதற்காகப் பதினோரு மணிப் போனைத் தானாகப் போகாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பரிமளா தன் நம்பர், கார்த்திகேயன் நம்பர், வாட்ச்மேன் நம்பர் மூன்றை மட்டும் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். பொத்தானை அமுக்கினால் மூன்று போனும் அடிக்கும், கைதட்டுவார்கள், முடிந்தது.

முருகப்பன் மைக்கைப் பிடித்தவர் உற்சாகத்தில் சொன்னார். "ஒத்திகை எல்லாம் எதுக்குங்க? இன்னைக்கு உள்ளபடியே வராத பிள்ளைங்க வீட்டுக்குப் போன் போகட்டும். நம்ம சிறப்பு விருந்தினர் கையால ஆரம்பிச்சு வைக்கட்டும்."

மேடைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பரிமளா அன்றைய பெயர்களைத் திறந்தாள். வழக்கமாக விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்குத் திரை கொள்ளவில்லை. இரண்டு பெயரைப் படித்ததுமே புரிந்துவிட்டது. எல்லாம் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். நடுவில் ஜனனி.

ஏற்றின பெயர்களை எடுக்கவோ பூட்டின கணக்கைத் திறக்கவோ முதல்வர் போனுக்கு ஓர் எண் வரும், அதைப் போட வேண்டும். முதல்வர் மேடையில். அவருடைய போன் காரில், கார் பார்க்கிங்கில். பரிமளா கார்த்திகேயனைப் போய்ப் பிடித்தாள்.

"சார், நிறுத்துங்க. இந்தப் பிள்ளைங்க எல்லாம் இங்க வேலை செய்யிற பிள்ளைங்க. வரலேன்னு வீட்டுக்குப் போன் போயிரும்."

"மேடம், ஐயா மைக்ல சொல்லிட்டாங்க. மத்தியானம் சரி பண்ணிக்கலாம்."

"போன போனை மத்தியானம் திரும்பக் கூப்புட முடியுமா சார்?"

"ரெண்டு நிமிசம் பொறுங்க, விருந்தாளி எந்திரிச்சுட்டாரு பாருங்க."

பரிமளா திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். விருந்தினர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே ஒரு பெண் வெள்ளித் தட்டை ஏந்தி நின்றாள். தட்டில் சிவப்புப் பட்டு, பட்டின் மேல் அமுக்க வேண்டிய பொத்தான் தெரிகிற டேப்லெட். தாளாளர் வீட்டுத் தட்டு, அவர் யோசனைதான். ஏந்தி நின்றவள் ஜனனி. அமுக்கினால் யார் வீட்டுக்குப் போன் போகுமென்று தெரியாமல், சொல்லிக் கொடுத்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள்.

பரிமளா கையைக் காட்டினாள். ஜனனி கூட்டத்தைப் பார்த்து நின்றாள், திரும்பவில்லை. விருந்தினர் அமுக்கினார். கைதட்டல்.

பின்னால் பெரிய திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன. போன் எடுக்கப்பட்ட பெயர் பச்சையாகும். ஒன்று பச்சை. இரண்டு. கைதட்டல் ஓயவில்லை. ஜனனி அப்போதுதான் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். தோழிகள் பெயரைப் படித்தாள். தன் பெயரைக் கண்டாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

பரிமளா ஓடிப்போய்க் கம்ப்யூட்டரின் ஒயரை இழுத்தாள். ஒயர் கையோடு வந்தது. திரை கறுத்தது. அத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால் கல்லூரியின் மானம் போயிற்று என்று முருகப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் திரை கறுப்பதற்கு முன்னாலேயே ஜனனி பெயர் பச்சையாகிவிட்டிருந்தது.

கீரமங்கலத்தில் என்ன நடந்ததென்பதைக் கருப்பனே பிறகு சொன்னான். மல்லிகை வரத்து அதிகம், கடை நிறைய ஆள். பதினொன்று தாண்டிவிட்டது, டீயும் சொல்லிவிட்டான். டீ வருவதற்கு முன்னால் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். "உங்கள் பிள்ளை இன்று கல்லூரிக்கு வரவில்லை." பூ கட்டுகிறவர்கள் கை நின்றது. ஒருத்தன் மட்டும் கேட்டானாம்: "என்ன கருப்பா, பட்சி பறந்துருச்சா?" கருப்பன் வண்டியை எடுத்தான்.

பரிமளா சும்மா இருக்கவில்லை. ஒயரை மறுபடி சொருகினாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், புதிதாகப் பேசிப் பதிவு செய்தாள். "காலையில் வந்த போன் தவறு. உங்கள் பிள்ளை கல்லூரியில், மாநாட்டு வேலையில் இருக்கிறாள். தவறு எங்களுடையது. பிள்ளையுடையது இல்லை. பேசுவது பரிமளா." யாரையும் கேட்கவில்லை. எல்லா நம்பருக்கும் அனுப்பினாள். வண்டியில் வருகிறவன் எப்படி எடுப்பான்? அவன் எடுக்காததால் ஜனனி பெயர் மட்டும் சிவப்பாகவே நின்றது.

பந்தி நடக்கிற நேரத்துக்கு அவன் வந்து சேர்ந்தான். ஜனனி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சேலையும் பூவுமாக, வேற்று ஆம்பிளைகள் இலைக்கு முன்னால் அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் குறையவில்லை, ஏறியது.

"சொம்ப வையி. கெளம்பு."

"மாமா, நா இங்கதான் இருந்தேன். காலையில இருந்து இங்கதான் மாமா."

"கெளம்புன்னேன்."

பரிமளா வந்து நடுவில் நின்றாள். "அண்ணே, அது இங்கதான் இருந்துச்சு. தப்பு எங்களுது." சொல்லி முடிக்கவில்லை, அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்காதவர்களை அந்தக் கம்ப்யூட்டர் விடாது, மறுபடி மறுபடி கூப்பிடும். வழக்கப்படி ஸ்பீக்கரில் போட்டான். பரிமளா குரல். அவன் போனைப் பார்த்தான், எதிரே நிற்கிற பரிமளாவின் வாயைப் பார்த்தான்.

"நீங்க இங்க நிக்கிறீங்க. இதுலயும் நீங்கதான் பேசுறீங்க. காலையில வரலேன்னதும் நீங்க. இப்ப இருக்குன்னதும் நீங்க. நா எந்தப் பரிமளாவ நம்புறது?"

"ரெண்டாவது பேசுனவள."

மோர் வாங்கக் காத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். கருப்பன் சிரிக்கவில்லை. "மொதப் போன எங்க கடை பூரா கேட்டுச்சு தங்கச்சி. ரெண்டாவத நா மட்டும்தான் கேட்டேன். நாளைக்கு வாரேன். ஒங்க காலேஜு எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும், இந்தப் பிள்ளை இங்கதான் இருந்துச்சுன்னு. சொன்னா அது இருக்கட்டும். இல்லேன்னா பொட்டியோட என் வண்டியில ஏறணும்." பிறகு மருமகளைப் பார்த்து, "பொட்டியக் கட்டி வையி" என்றான். போய்விட்டான்.

பரிமளா நேரே முருகப்பனிடம் போனாள். அவர் சாப்பிடவில்லை. கோபத்தில் கத்துகிற மனிதரும் இல்லை.

"ஒக்காரு ஆத்தா. நா ஒனக்கு என்ன கொறை வச்சேன்?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா. அந்தப் பிள்ளைங்க நம்ம வேலையிலதான் இருந்தாங்கன்னு நாளைக்கு மேடையில நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அவர் வெற்றிலைப் பெட்டியை மூடித் தள்ளி வைத்தார். "அப்படிச் சொன்னா நம்ம மெஷின் பொய் சொல்லுதுன்னு ஆயிரும். இத்தனை ஊர்க்காரங்க வந்து பாத்துட்டுப் போயி, புதுக்கோட்டைக் காலேஜு வீட்டுக்குப் பொய்ப்போன் போடுதுன்னு பேசுவாங்க. நாளைக்கு நன்றியுரை நீதானே? ரெண்டு வரி சேத்துக்க. பிள்ளைங்க சொல்லாமக் கொள்ளாம வகுப்ப விட்டு வந்துட்டாங்க, மெஷின் சொன்னது சரி, ஒயரு லூசு. முடிஞ்சுது."

"நீங்க சொல்லித்தானேய்யா பன்னீர் தெளிச்சாங்க?"

"கல்யாண வீட்ல ஆயிரம் நடக்கும். பிள்ளைங்க பேரு ரெண்டு நாள்ல மறந்து போகும். காலேஜு பேரு போனா வராது." கடைசியாக, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சொல்ல முடியாதுன்னா, கழுத்துல இருக்குற அட்டையக் கழட்டி வச்சுட்டுப் போயிரு ஆத்தா. நா தடுக்கல."

யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னபடி சொன்னால் இவள் வேலை நிற்கும், ஜனனி வண்டியில் ஏற வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும், அதற்கப்புறமும் கருப்பன் நம்புவான் என்று என்ன நிச்சயம்? வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் முத்துமாரியம்மாள் மட்டும், சோற்றைப் பிசைந்து பிசைந்து வைக்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இலையை எடுத்தாள்.

மறுநாள் காலை அமர்வு முடிந்து நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். மண்டபத்தின் பின்வாசலில் கருப்பன் நின்றான். அவன் காலடியில் ஜனனியின் பெட்டி. பக்கத்தில் ஜனனி, சேலை இல்லாமல் சுடிதாரில், ஊருக்குப் போகிற கோலத்தில்.

பரிமளா மைக்கை எடுத்தாள். சமையல்காரருக்கு நன்றி சொன்னாள். கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்ட எலெக்ட்ரீஷியனுக்குச் சொன்னாள். தாளாளருக்கு மனசாரச் சொன்னாள். வரிசை முடிந்தது. முருகப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா, நேத்து காலேஜுக்கு வரலேன்னு போன் போன பிள்ளைங்களுக்கு நன்றி. ஒங்க நெத்தியில இருந்த சந்தனம் அவங்க கொடுத்தது. ஒங்க எலையில மோர் ஊத்துனது அவங்க. இந்த மேடையில தட்டு ஏந்தி நின்னது ஜனனி. அவங்க வேலையில இருக்காங்கன்னு கம்ப்யூட்டருக்கு நாங்க சொல்லல. நானும் சொல்லல. அது தெரிஞ்சதைத்தான் அது சொல்லுச்சு. என் கொரல்ல சொல்லுச்சு. அதனால என் கொரலாலயே சொல்றேன். அந்தப் பிள்ளைங்க ஒரு நிமிசம்கூட இந்தக் காலேஜ விட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போகல. ஒங்க ஊருக்குப் போயி இப்படி ஒரு ஏற்பாடு வச்சீங்கன்னா, போன் போடுறதுக்கு முன்னால பிள்ளையத் தேடிப் பாருங்க."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் லேப்டாப் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முருகப்பன் குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படியிறங்கி நடுவழியாக நடந்தாள். அத்தனை நாற்காலிக்கு நடுவில் அந்த நடை இருக்கிறதே, அது லேசில்லை. பின்வாசலுக்குப் பக்கத்து மேசையில் சந்தனக் கிண்ணம் வைத்த வெள்ளித் தட்டு இருந்தது. கழுத்து அட்டையைக் கழற்றி அதில் வைத்தாள். கார்த்திகேயன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"மேடம், ஐயா சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னாங்க."

முருகப்பனின் குணம் அது. தான் துரத்துகிறவளைக்கூடப் பசியோடு அனுப்ப மனசு வராது.

"இன்னைக்கு வேணாம் சார். ஐயாவ நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

கருப்பன் வாசலில் வழியை மறித்தாற்போல் நின்றான். அட்டையையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "இதுக்காகவா வேலைய விட்டீங்க?"

"ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்ல அண்ணே. என் கொரலு பொய் சொல்லாதுன்னு."

அவன் குனிந்து பெட்டியைத் தூக்கினான். ஜனனி அழத் தயாரானாள். அவன் பெட்டியை அவள் கையில் கொடுத்தான்.

"ஹாஸ்டல்ல கொண்டுபோயி வையி. பரீட்சைய முடி. மாப்பிள்ளை எங்கயும் போயிற மாட்டான்."

ஜனனி பெட்டியோடு அங்கேயே நின்றாள். "போகச் சொல்லுறாருல்ல, போ. வகுப்பு வாசல்ல அட்டையக் காட்டிட்டுப் போ" என்றாள் பரிமளா. அதற்குத்தான் அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில் அரிமளத்துக்கு பஸ் கிடையாது. உங்களுக்கும் தெரியும். பரிமளா வெயிலில் ரோட்டைப் பார்க்க நடந்தாள். கருப்பன் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

"ஏறுங்க தங்கச்சி. ஊர்ல விட்டுட்டுப் போறேன். யாராவது கேட்டா, கீரமங்கலத்துப் பூக்கடைக் கருப்பன் கொண்டாந்து விட்டான்னு சொல்லுங்க."

ஏறினாள். ஒருபக்கமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் வந்ததைப் பார்த்தவர்கள், கை பின்கம்பியில் இருந்ததையும் பார்த்திருப்பார்கள். இனி கத்தாருக்குப் போன் பேசினால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.